739391-ஐப் பங்கு போட முடியாதாம்

வடக்குச்சேத்தி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா சாமிதுரை ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் நான், உன் அம்மா அம்சம், ஆடு மூவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. தெரிந்தே பொய்யில் தொடங்க வேண்டாம் என்பதால் சொல்கிறேன், ஆடு நலம். அவ்விடம் உன் சுகத்தையும், விடுதிச் சோற்றில் கல் குறைந்ததா என்பதையும், இந்தக் கடிதத்தின் கடைசியில் நான் கேட்கப் போவதைச் செய்வாயா மாட்டாயா என்பதையும் மறு தபாலில் தெரிவிக்கவும்.

நீ எழுதிய நாலு பக்கக் கடிதம் கிடைத்தது. நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வைத்தியலிங்கம் பண்ணையிடமிருந்து உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலம் நம் தெருவில் பதினெட்டுக் குடும்பத்துக்குப் பட்டாவாகிறது (வருகிற வெள்ளிக்கிழமை என்று இப்போது நாளும் குறித்தாயிற்று), மொத்தம் 739391 சதுர அடி, குடும்பத்துக்கு எத்தனை அடி என்று வகுத்து எழுதம்மா என்றேன். ஒரு கார்டில் முடிகிற பதில். நீயோ முதல் வரியிலேயே, "அப்பா, இது பகா எண்!" என்று எழுதி, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி நட்டு வைத்திருக்கிறாய். ஒன்றாலும் தன்னாலும் தவிர உலகத்தில் வேறெந்த எண்ணாலும் இது மிச்சமில்லாமல் வகுபடாது, இப்படி ஒரு எண் நம் வயலுக்கு வாய்த்தது எவ்வளவு அழகு என்று ஒரு பக்கம், அதை நிரூபித்து ஒரு பக்கம், உங்கள் பேராசிரியை ஹபீபுன்னிசா அம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை ஒரு பக்கம் எழுதிவிட்டு, நாலாம் பக்கத்தின் அடியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, "ஆளுக்கு 41077, மிச்சம் 5" என்று முடித்துவிட்டாய். அம்மா செவ்வந்தி, அந்த மிச்சம் ஐந்தில்தான் உன் அப்பன் உயிர் இப்போது தொங்கிக்கொண்டிருக்கிறது.

சதுர அடியில் கணக்குக் கேட்டது நான்தான், அதை மறுக்கவில்லை. நிலத்தை அளந்த சர்வேயர், "பதினாறு ஏக்கர் தொண்ணூத்தேழு சென்ட் சொச்சம்" என்றார். நம் ஆட்களுக்குச் சேர வேண்டியதெல்லாம் இத்தனை தலைமுறையாக அந்தச் சொச்சத்துக்குள் புகுந்துதான் காணாமல் போயிருக்கிறது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள், கொடிக்கம்பத்தடியில் நின்று ஒருத்தருக்கு ஒரு அடி கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று எல்லோரும் கையடித்துக் கொடுத்திருக்கிறோம், அப்புறம் நான் சொச்சத்துக்கு எப்படிச் சம்மதிப்பது? "அடியில சொல்லுங்க சார்" என்று பின்னாலேயே நடந்தேன். என் தொல்லை பொறுக்காமல் அவர் வெயிலில் நின்றபடியே பெருக்கி எழுதிக் கொடுத்த எண்தான் அது. பேசாமல் சொச்சத்தோடு விட்டிருந்தால் இன்றைக்குச் சாப்பிட்டது செரித்திருக்கும்.

உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் யூனுஸ் டீக்கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். மகள் கல்லூரியிலிருந்து நாலு பக்கம் எழுதினால் எந்த அப்பன்தான் மனசுக்குள் படிப்பான்? பகா எண் வரைக்கும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மிச்சம் ஐந்து என்றேன். மருதையன் மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். நம் தெருவில் அவர் கிளாஸைக் கீழே வைத்தால் கூட்டம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம் என்பது உனக்குத் தெரியும்.

"மிச்சமா? மிச்சம்னா யாருக்குப்பா அது?" என்றார்.

களத்தில் நெல் அளந்து நம் கூலியைப் பிரித்ததும் மரக்காலுக்கு எட்டாமல் தரையில் கிடக்கிற மிச்சம் யாருக்குப் போகும் என்று நம் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அது பண்ணை வீட்டுக்கு. அளந்து தீராதது எல்லாம் பண்ணைக்கு என்பது எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, அதனால்தான் எந்தச் சட்டத்தாலும் அதை அழிக்க முடியவில்லை. மருதையன் மாமா அதைச் சொல்லி முடிப்பதற்குள் பொன்னுத்தாய் அத்தை எழுந்துவிட்டாள்.

"அப்ப நம்ம வயலுக்கு நடுவுல அந்தாளுக்கு அஞ்சடி உண்டுங்கிறீங்களா? அஞ்சடியில என்ன வெதைப்பாரு?"

"வெதைக்க மாட்டாரு. வந்து நிப்பாரு," என்றார் மாமா. "குடையப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. நிக்க வரணும்னா வழி கேப்பாரு. வழி விட்டா வண்டித் தடம் கேப்பாரு. அஞ்சடி போதும்டா, நின்னுக்கிட்டே பதினேழு ஏக்கரையும் திரும்ப எடுத்துருவாரு."

நான் அப்போது சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. நாம் குனிந்து நாற்று நடும்போது ஒரு மனுஷன் நடுவில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தால் அது யாருடைய வயல் என்று பார்க்கிறவன் நினைப்பான், சொல்லு.

அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு யோசனை. பொன்னுத்தாய் அத்தை தன் மூத்தவனைத் தனிக் குடித்தனமாக்கித் தனி ரேஷன் கார்டு வாங்கிவிட்டால் பத்தொன்பது குடும்பம் ஆகிவிடும், அப்போது வகுபடாதா என்றாள். போட்டுப் பார்த்தேன், மிச்சம் ஆறு. ஒரு அடி கூடிவிட்டது. சரி, ஒரு குடும்பம் விலகினால் என்று மருதையன் மாமா ஆரம்பித்து, எந்தக் குடும்பம் என்று என் வீட்டுப் பக்கமாகப் பார்த்தார். பதினேழால் வகுத்துக் காட்டினேன், மிச்சம் பத்து. "ஆள் கொறைஞ்சா அந்தாளுக்கு ரெட்டிப்பா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பேச்சை விட்டார்கள். இல்லாவிட்டால் இந்நேரம் நாம் பட்டியலில் இல்லை. அந்த வகையில் உன் எண்ணுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்ல மனசு வரவில்லை.

உன் நிரூபணத்தையும் உட்கார்ந்து படித்தேன். 859 வரையுள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்துப் பார்த்துவிட்டேன், அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய். 860-ஐ 860-ஆல் பெருக்கினாலே நம் எண்ணைத் தாண்டிவிடுமாம், ஆகவே மேலே ஒரு எண் இதை வகுத்தால் அதற்கு ஜோடி எண் கீழே இருந்தாக வேண்டுமாம், கீழே ஒன்றும் இல்லாததால் மேலேயும் இல்லையாம். கணக்கில் அது நியாயமாக இருக்கலாம். நான் இந்தப் பட்டாவுக்காக ஏறி இறங்கிய ஆபீஸ் எல்லாவற்றிலும் கீழே இருந்தவர்கள் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். மேலே போய்க் கேட்டபோதுதான் ஃபைல் இருந்தது. நீ இவ்வளவு தூரம் போய்விட்டு 859-இல் திரும்பிவிட்டாயே, இன்னும் நாலு எண் மேலே ஏறிக் கேட்டிருக்கக் கூடாதா?

நாலாம் பக்கத்தில் நீ எழுதியதைப் படித்துத்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. இந்த எண்ணின் வலது ஓரத்தில் ஒவ்வொரு இலக்கமாக வெட்டிக்கொண்டே வந்தாலும் மிச்சம் நிற்பதும் பகா எண்ணாகவே நிற்கும், 73939, 7393, 739, 73, கடைசியில் வெறும் 7 கூடப் பகா எண்தான், என்ன அதிசயம் பாருங்கள் அப்பா என்று எழுதியிருக்கிறாய். நான் பார்த்தேன். நீ இலக்கத்தை வெட்டினாய், எனக்கு நிலம் போனது. 739391 அடி என்பது சுமார் பதினேழு ஏக்கர். ஒன்றை வெட்டினால் ஒன்றே முக்கால் ஏக்கர்கூடத் தேறவில்லை. இன்னொன்றை வெட்டினால் பதினேழு சென்ட். அப்புறம் 739, ஒரு கூரை வீடு. அப்புறம் 73, பாய் விரிக்கலாம். கடைசியில் ஏழு அடி. ஆறடி போதும் என்று சொல்கிற இடத்தில் எனக்கு ஒரு அடி கூடவே கிடைக்கிறது, நல்லது.

அதோடு விட்டாயா? இடப்பக்கம் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு வலப்பக்கம் மூன்று, மறுபடி மூன்று சேர்த்தால் 73939133, அதுவும் பகா எண், ஓரத்தை எத்தனை தரம் வெட்டினாலும் பகா எண்ணாகவே நிற்கிற எண்களில் அதுதான் எல்லாவற்றிலும் பெரியது, அதற்கு மேல் வளராது என்று எழுதியிருக்கிறாய். அது எத்தனை ஏக்கர் என்று யோசித்தாயா? ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றேழு! பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்திருந்தார் என்றுதான் பண்ணையிடம் நிலம் எடுத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் என் பெயருக்கு வரும் தபாலில் இப்படி எல்லாம் எழுதலாமா? தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார், அவர் இப்போது எனக்கு வணக்கம் வேறு வைக்கிறார்.

பொறுக்க முடியாமல் சர்வேயரிடமே ஓடினேன். "சார், ரெண்டு அடி முன்னப்பின்ன பாத்துச் சொல்லுங்க சார், தெருவே தூங்கல" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலையில் அளவுச் சங்கிலி குளிர்ந்திருந்தால் ஒரு கணக்கு, மத்தியானம் சூடேறி நீண்டால் ஒரு கணக்கு, எனக்கு எது வேண்டும் என்று கேட்டார். வகுபடுகிற கணக்கு எதுவோ அது என்றேன். பெரிய மனசு பண்ணி 739393 என்று எழுதிக் கொடுத்தார். இரண்டடி கூட. சந்தோஷத்தில் வகுத்துப் பார்க்காமலே உடனே உனக்குக் கார்டு போட்டேன். மறு தபாலில் உன் பதில் வந்தது: "அப்பா, அதுவும் பகா எண்! 739397, 739399 இரண்டும்கூடப் பகா எண்கள்தான்! நாலும் பக்கத்துப் பக்கத்தில்! சர்வேயர் சாரிடம் அவையும் வருமா என்று கேளுங்கள்!" பெற்ற அப்பனுக்கு எழுதுகிற பதிலா இது? ஒரு பகையாளிக்குப் பயந்து ஓடினால் அவன் அண்ணன் தம்பி நாலு பேரும் சேர்ந்து வாசலில் நிற்கிறார்கள், நீ கை தட்டுகிறாய். அந்தக் கார்டை நான் டீக்கடையில் படிக்கவில்லை.

நேற்று மதகடியில் வைத்தியலிங்கத்தையே பார்த்துவிட்டேன். முன்பெல்லாம் அவர் வந்தால் துண்டு தோளிலிருந்து தானாக இறங்கும். இப்போது இறங்குவதில்லை, ஆனால் அதற்கு இறங்க வேண்டும் என்று தோன்றுவது எனக்குத் தெரிகிறது. அவர் சைக்கிளை நிறுத்திச் சிரித்தபடி கேட்டார்.

"என்ன சாமிதுரை, அஞ்சடி மிச்சம் விழுதாமே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"ஒம் பொண்ணு காலேஜ்லேருந்து எழுதியிருக்காமே. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். இருக்கட்டும், இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நானும் வர்றேன், பாத்துட்டுப் போறேன்."

அவ்வளவுதான் சொன்னார். கேலிக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிளில் குடை கட்டியிருந்தது. மழைக்காலமா இது?

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். நீ ஒரே ஒரு கார்டு எழுத வேண்டும். அதிகம் வேண்டாம். "அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், இந்த எண் பதினெட்டால் சரியாக வகுபடும், மிச்சம் பூஜ்யம், இப்படிக்கு செவ்வந்தி, பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அதை நான் டீக்கடையில் படிக்கிறேன். மருதையன் மாமா கிளாஸை மறுபடி கையில் எடுப்பார், வெள்ளிக்கிழமை பட்டா கைக்கு வந்துவிடும், அப்புறம் நீ உண்மையை உன் பேராசிரியையிடம் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாது. "புள்ளயப் பொய் சொல்லச் சொல்றீங்களா? அந்தக் கணக்கு சரின்னுதானே அது அவ்ளோ குதிக்குது?" என்று கேட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் சொன்னது எனக்கும் தெரிகிறது, செவ்வந்தி. நீ அப்படி எழுத மாட்டாய் என்றும் தெரிகிறது. ஆனால் நான் பிறந்த குடிசை பண்ணையின் மனையில் இருந்தது, என் அப்பாவைப் புதைத்ததும் பண்ணையின் தரிசு ஓரத்தில்தான். இது நம்முடையது என்று காலை ஊன்றி நிற்க இதுவரைக்கும் எனக்கு ஒரு அடிகூட இருந்ததில்லை. இப்போது நாற்பத்தோராயிரம் அடி வருகிறது, அது ஐந்து அடியில் கை நழுவிப் போய்விடுமோ என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. பயம் என்றுதான் எழுதுகிறேன், வேறு மரியாதையான வார்த்தை கிடைக்கவில்லை.

உன் பேராசிரியை ஹபீபுன்னிசா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். வகுபடுகிற எண்களிலும் அழகானவை இருக்கக்கூடும், அவற்றையும் கொஞ்சம் கவனிக்கச் சொல்லி நான் கேட்டதாகச் சொல். வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை, கணக்குப் போடும்போது சாப்பாட்டை மறக்காதே. நீ நூறாண்டு நோய்நொடி இல்லாமல் வாழ்ந்து, நம் தெருவின் முதல் பட்டதாரியாகி, அப்பனுக்குக் கொஞ்சம் தூக்கமும் தருவாயாக.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
சாமிதுரை,
செயலாளர் (வெள்ளிக்கிழமை வரை நிச்சயம்)

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால் பெட்டி வரைக்கும் போனவன், திரும்பி வந்து பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தைத் தவிர மற்ற எதையும் படிக்காதே. அந்தக் கார்டை எழுதிவிடாதே, எழுதியிருந்தால் கிழித்துப்போடு. இப்போதுதான் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் யூனுஸ் கடைக்கு வந்து வரைபடத்தைக் காட்டினார். அவர்கள் அடிக் கணக்கே பார்ப்பதில்லையாம். ஆளுக்குத் தொண்ணூற்று நாலு சென்ட், பதினெட்டுப் பேருக்குப் போக மிச்சம் ஐந்து சென்ட், அது நடுவில் பொது இடம் என்று போட்டிருக்கிறார்கள்.

மருதையன் மாமா, "பொதுன்னா யாரு தம்பி? அஞ்சு சென்ட்டுன்னா எத்தினி அடி?" என்று கேட்டார்.

"ரெண்டாயிரத்து நூத்து எழுபத்தெட்டு" என்றார் அவர். அதில் ஒருத்தர் நிற்க மாட்டார், செவ்வந்தி, வீடே கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்! பொன்னுத்தாய் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "சாமிதுரை மவ கணக்குல அஞ்சடிதானேய்யா மிச்சம்? அந்தப் புள்ளய வரச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் அதையே சொல்கிறார்கள், மாமா மூன்று தடவை சொன்னார்.

ஆகவே தங்கம், வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிடு. அந்த நாலு பக்கத்தையும் தாசில்தாருக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்லு, 859 வரைக்கும் வகுத்ததைச் சொல்லு, அதற்கு மேல் ஏன் போகத் தேவையில்லை என்பதையும் சொல்லு, ஒரு ஆச்சரியக்குறியைக்கூடக் குறைக்காதே. அது பகா எண்தான், அப்பா ஒப்புக்கொள்கிறேன். ஐந்து சென்ட் மிச்சத்தை ஐந்து அடிக்குக் கொண்டுவர அந்தத் தாலுகா ஆபீஸில் ஆள் இல்லை, நம் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.